நாளொரு பக்கம்

பேனையைக் கையில் எடுத்ததும் நம்மவர்களுள் அநேகர் முதலில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார்கள். பக்தியாற் போடுபவர்களும் உண்டு. பழக்கத்தாற் போடுபவர்களும் உண்டு. பேனையில் மை இறங்குகிறதா என்று பார்ப்பதற்காகப் போடுபவர்களையும் கண்டிருக்கிறேன். ஏட்டிலே எழுதிய காலத்தில் எழுத்தாணியின் கூரும் ஓலையின் பதமும் சரியாக இருக்கின்றனவா என்று அறிவதற்கு, வளைத்தும் சுழித்தும் இழுத்தும் பார்க்க இந்தச் சுழி உதவியது என்று விளக்கம் சொல்வாரும் உளர். விளக்கம் எதுவாக இருந்தாலும் ஒன்று தெரிகிறது. எழுதத் தொடங்குமுன் கைக்கு ஒரு சிறு வேலை கொடுத்து, மனத்தை ஏட்டின் பக்கம் திருப்புகின்ற வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்திருக்கிறது.

இலக்கிய நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதும் இளைஞர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "எழுத ஆசையாக இருக்கிறது ஐயா, ஆனால் எழுதும் மனநிலை வரமாட்டேன் என்கிறதே, என்ன செய்யலாம்?" என்பதுதான் அது. மனநிலை என்பது வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும் விருந்தாளியா என்ன, நாம் வாசலிலே காத்துக்கொண்டிருப்பதற்கு? பெரிதாக எழுதியவர்களின் வரலாற்றைப் பார்த்தால், அவர்களில் அநேகர் மனநிலைக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வகையான காரியத்தைச் செய்தார்கள். எழுத்து அதற்குப் பின்னால் வந்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1815 இல் பிறந்து 1876 இல் மறைந்தவர். தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேல் பாடியவர். அவர் தாமாக ஏட்டில் எழுதிப் பாடுவது குறைவு. அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஒருவர் ஓலையில் எழுதிக்கொண்டு போவார். வீட்டிலும் சரி, மடத்திலும் சரி, பிரயாணத்திலும் சரி, பாட்டு வந்துகொண்டே இருக்கும். எழுதுபவரின் கை ஓயுமே தவிர, சொல்பவரின் வாய் ஓயாது. ஆசுகவி, பிறவிக் கவி என்று சொல்லி நாம் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவருடைய மாணவர் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கும் ஒரு செய்தி என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும்.

1871 ஆம் ஆண்டு, மாயூரம். சாமிநாதையருக்கு அப்போது 16 வயது. பிள்ளையவர்களிடம் பாடங் கேட்கச் சேர்ந்த புதிது. ஆசிரியருடைய வீட்டின் பின்புறத்தில் ஒரு தோட்டம். அங்கே மரங்களை வருவித்து நட்டிருந்தார் பிள்ளை. அவை பட்டுப் போகாமல் தளிர்க்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. காலையில் எழுந்ததும் நேரே தோட்டத்துக்குப் போவார். ஒவ்வொரு மரமாகப் பார்ப்பார். எங்காவது ஒரு தளிர் தலைகாட்டியிருந்தால் அவருக்குப் பெரும் மகிழ்ச்சி. இதைக் கவனித்த மாணவர், ஆசிரியருக்கு முன்பாகவே எழுந்து, மரம் மரமாகத் தேடித் தளிர் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டத் தொடங்கினார். ஆசிரியரின் உள்ளத்தில் இடம் கிடைத்தது. காலை வேளையில் அவரிடமே தனியாகப் பாடமும் கிடைத்தது. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் இந்த அத்தியாயத்துக்கு 'தளிர் ஆராய்ச்சி' என்றே பெயர் வைத்தார்.

இதை மாணவனின் கெட்டித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். நான் ஆசிரியரின் பக்கம் நின்று பார்க்க விரும்புகிறேன். பெரும் புலவர் ஒருவர் நாட்டையும் நகரத்தையும், சோலையையும் ஆற்றையும் நூற்றுக்கணக்கான செய்யுள்களில் வருணிக்கிறார். அவர் காலையில் செய்த முதல் வேலை என்ன? நேற்று இல்லாத ஒரு தளிர் இன்று இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் பாடிய சோலைகளெல்லாம் காப்பிய மரபிலிருந்து மட்டும் வந்தவையல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணை நாள்தோறும் தீட்டி வைத்திருந்த ஒருவரின் சோலைகள் அவை. (இதை ஒரு தமிழ்ப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தலபுராணத்துச் சோலைக்குத் தோட்டம் தேவையில்லை, நிகண்டு போதும் என்றார்.)

மேல்நாட்டில் இதற்கு நேர் எதிரான ஒருவர் இருந்தார். அன்ரனி ட்ரொலப் என்ற ஆங்கில நாவலாசிரியர். தபால் திணைக்களத்தில் உத்தியோகம். காலை ஐந்தரைக்கு மேசைக்கு முன் உட்கார்ந்துவிடுவார். எதிரிலே கைக்கடிகாரம். கால் மணித்தியாலத்துக்கு 250 சொல் என்று கணக்கு. அவரை எழுப்பிக் கோப்பி கொடுப்பதற்காகக் கிழட்டு வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் கூடுதலாகக் கொடுத்தாராம். அவர் இறந்த பின் 1883 இல் வெளிவந்த சுயசரிதத்தில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். விளைவு, வாசகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். நெசவுத் தறிபோலக் கதை நெய்பவன் கலைஞனா என்று கேட்டார்கள். ஆனால் நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் நிற்கின்றன. முகம் சுளித்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இலக்கியம் படைக்கும் எண்ணமே இல்லாமல் நாள்தோறும் எழுதியவர் ஒருவர் நம் மொழியில் உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்தவர். 1736 இல் தொடங்கி 1761 இல் இறக்கும் வரையில் தினசரிக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைத்தெருவிலும் கச்சேரியிலும் புழங்கிய பேச்சுத் தமிழ் அது. இலக்கணம் பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்ளக்கூடும். அதனுடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. பிரபஞ்சன் அந்தக் காலத்துப் புதுச்சேரியை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற நாவல்களை எழுதி, இரண்டாவதற்காக 1995 இல் சாகித்திய அக்கடமி விருதும் பெற்றார். எழுதியவர் இறந்து இருநூறு ஆண்டுக்கு மேல் கழிந்த பின்பும் அந்தக் குறிப்புகள் இன்னொருவருடைய கற்பனையைத் தட்டி எழுப்பியிருக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கச்சேரி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டு நண்பர்கள் சுருதிப் பெட்டியைத் தேடுவார்கள். நமக்குக் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம். ஆங்கிலேயர் ஆட்சியில் கச்சேரிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு கட்டாயக் கடமை இருந்தது. 1808 ஆம் ஆண்டளவில் ஆளுநர் மெயிற்லண்ட் காலத்தில் தொடங்கிய அந்த வழக்கம் 1940 களின் தொடக்கம் வரை நீடித்தது. அதிகாரி தான் எங்கே போனார், எதைப் பார்த்தார், என்ன தீர்மானித்தார் என்பதை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். குதிரையிலோ வண்டியிலோ சுற்றிவிட்டு வந்து, உடம்பு நோவோடு, கொசுக்கடியோடு, லாம்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதும் மனநிலை வந்ததா இல்லையா என்று கொழும்பு கேட்காது.

இப்படிப்பட்ட அதிகாரிகளுள் ஒருவர் ஜே. பி. லூயிஸ். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னிப் பகுதிகளைப் பற்றி அவர் தொகுத்த கைநூல் 1895 இல் வெளிவந்தது. இன்றைக்கும் வன்னியைப் பற்றி ஆராய்பவர்கள் அதைப் புரட்டாமல் நகர முடியாது. குளம், கிராமம், குடிசனம், பயிர்ச்செய்கை, வழக்கங்கள் என்று அது விரியும். வெளியிலிருந்து வந்த ஆளுவோன் ஒருவனுடைய பார்வைதான், சந்தேகமில்லை. ஆயினும் குளம் குளமாகப் போய்ப் பார்த்து எழுதிய கை அது.

மற்றவர் லெனாட் வூல்ப். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1904 டிசம்பரில் இலங்கைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது. கூடவே ஒரு நாயும், வோல்தேயரின் நூல்கள் தொகுதி தொகுதியாகவும் வந்தன. யாழ்ப்பாணத்துக்கு நியமனம். வடக்கு ரயில் பாதை அப்போது முற்றுப் பெறவில்லை. அநுராதபுரம் வரை ரயிலில் வந்து, அதற்குப் பிறகு மாட்டு வண்டியில் தபாற் பயணம். தபால் மூட்டைகள் வண்டியின் அடியிலே கிடக்கும். மூட்டைகளின் மேலே பிரயாணிகள் கிடப்பார்கள். காட்டு வழியாக இரவெல்லாம் வண்டி போகும். அந்தக் காடு வேறெதுவுமல்ல, நம்முடைய வன்னிக் காடுதான். இன்று கண்டி வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் தூங்கி விழுந்துகொண்டு கடக்கின்ற அதே வழி. 1961 இல் எழுதிய சுயசரிதத்தில் அந்த இரவைக் கிழவர் மறக்காமல் வருணித்திருக்கிறார்.

யாழ்ப்பாணம், பின்பு கண்டி, அதன் பின்பு 1908 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபர். அங்கேதான் 1911 மே வரையில் நாட்குறிப்பை எழுதினார். உப்பு அள்ளியது, மாடுகளுக்குக் கோமாரி போன்ற பெரு நோய் வந்தது, சேனைக்கு அனுமதி கேட்டு வந்தவர்கள், தெருத் திருத்தம், வழக்கு விசாரணை, 1911 இன் குடிசன மதிப்பு என்று எல்லாம் அலுவலக விடயங்கள். கவிதையாக எதையும் எழுத அங்கே இடமில்லை. மேலதிகாரி வாசிப்பார். சில இடங்களில் அந்த மேலதிகாரிகளுக்கே சுருக்கென்று தைக்கும்படியும் எழுதினார்.

விடுமுறையில் இங்கிலாந்து போனவர் 1912 இல் உத்தியோகத்தை விட்டார். அதே ஆண்டில் வேர்ஜினியாவைத் திருமணம் செய்தார். 1913 இல் அவருடைய 'காட்டில் ஒரு கிராமம்' என்ற நாவல் வந்தது. வேட்டைக்காரன் சிலிந்துவும் அவன் குடும்பமும், சேனையும் கடனும், கடைசியில் கிராமத்தைக் காடு விழுங்கிவிடுவதுமான கதை. ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய கதையில் ஆங்கிலேயர் அநேகமாக இல்லை என்பது அக்காலத்தில் பெரிய புதுமை. சிங்களத்தில் 'பத்தேகம' என்ற பெயரில் வந்து, 1980 இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் திரைப்படமாகவும் ஆயிற்று.

இந்த நாவலும் நாட்குறிப்பும் ஒன்றல்ல. நாட்குறிப்பில் சேனை என்பது அனுமதிப்பத்திரம். நாவலில் அது பசி. ஆனால் மூன்று ஆண்டுகளாக நாள்தோறும் அனுமதிப்பத்திரத்தைப் பற்றி எழுதியிராவிட்டால் பசியைப் பற்றி அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க முடியுமா என்பது என் கேள்வி. எந்த மாதம் காடு வெட்டுவது, எப்போது எரிப்பது, மழை பிந்தினால் யார் வீட்டில் குரக்கன் முடியும் என்பவை ஆசனத்திலே சாய்ந்திருந்து கற்பனை செய்யக்கூடியவையல்ல. வூல்ப் 1960 இல் இலங்கைக்குத் திரும்ப வந்து பழைய இடங்களைப் பார்த்தார். அதன் பின்னர் அந்த நாட்குறிப்புகளும் அச்சேறின. மனைவி வேர்ஜினியாவும் காலையில் கதை, பின்னேரத் தேநீருக்குப் பிறகு நாட்குறிப்பு என்று வாழ்ந்தவர். அவர் இறந்தபின் அந்தக் குறிப்புகளிலிருந்து எழுத்து சம்பந்தமான பகுதிகளைத் தொகுத்து 1953 இல் வெளியிட்டவர் கணவர்தான்.

வன்னி வாசகனுக்கு இந்த நாவலில் ஒரு நெருடல் உண்டு. வூல்பின் காடு பகை. மனிதனைத் தின்பதற்குக் காத்திருப்பது. நம் பாலமனோகரன் 1973 இல் எழுதிய 'நிலக்கிளி'யைப் படியுங்கள். தண்ணிமுறிப்புக் காடு அங்கே தாய்வீடு. பதஞ்சலி அதன் பிள்ளை. காட்டுக்குள் வந்து மூன்றாண்டு குறிப்பெழுதியவருக்கும், காட்டோடு வளர்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது. நல்லவேளை, இரண்டு நூலும் இருக்கின்றன.

இங்கேதான் எனக்கு ஒரு துயரம். வன்னியின் நாட்களை வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதினார்கள், எழுதியவை ஆவணக் காப்பகத்துக்குப் போயின. நாங்கள் எழுதியவை எங்கே? 1990 ஆனியில் வவுனியாவை விட்டுச் சனம் போனபோது கையில் எடுத்தவை அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி. பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனோம். என்னுடைய பதினொரு சீ. ஆர். கொப்பிகள் றங்குப் பெட்டியில் இருந்தன. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்களிடமும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களிடமும் இதே கதைதான். 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி உலகம் பேசுகிறது. பேச வேண்டியதுதான். வீடு வீடாகப் போன கொப்பிகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

அந்த ஆண்டுகளில் இங்கே எழுதுவதென்றால் அதுவே ஒரு தவம். மின்சாரம் இல்லாத வன்னியில் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்து விளக்காக்கினார்கள். பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவருக்கும் குரல் இறங்கும்! பாவித்த கடதாசியின் மறுபக்கத்தில் பிள்ளைகள் பாடம் எழுதினார்கள். பத்திரிகைகள்கூடக் கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. அப்படியிருந்தும் எழுதினார்கள். எண்ணெய் முடியுமுன் எழுதி முடிக்க வேண்டும் என்ற நெருக்குதலே சிலருக்கு நேரக் கட்டுப்பாட்டைக் கற்றுக் கொடுத்தது. ட்ரொலப்புக்குக் கைக்கடிகாரம், நமக்கு ஜாம் போத்தல்.

நான் மறுபடியும் கொப்பி தொடங்கினேன். விடியற்காலம் கோயில் மணிக்கு முன்னால் எழும்புவேன். முற்றத்தில் ஒரு சுற்று. பிறகு விறாந்தை வாங்கில் உட்கார்ந்து பிள்ளையார் சுழி, திகதி, முதல் நாள் மழை பெய்ததா, குளத்தில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, சந்தையில் என்ன விலை, புதிதாகக் காதில் விழுந்த ஒரு சொல். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவதில்லை. அந்தப் பக்கத்தில் இலக்கியம் எழுதக் கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட சட்டம். உவமை வந்தால் வெட்டிவிடுவேன். பக்கம் முடிந்த பிறகு, அடுத்த கொப்பியில்தான் கதையோ கட்டுரையோ. சில நாள் அடுத்த கொப்பியைத் திறக்காமலே எழும்பிப் போவதும் உண்டு. முதற் கொப்பியைத் திறக்காமல் இருப்பதில்லை.

கல்வி கற்றவர்கள்தான் இதைச் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். எங்கள் அயலில் ஒரு கமக்காரர் இருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். வீட்டு வளையில் தொங்கும் வாக்கிய பஞ்சாங்கத்தின் ஓரத்தில், அந்தந்தத் திகதிக்கு நேரே, பென்சிலால் ஏதாவது கிறுக்கி வைப்பார். விதைப்பு, பசளை, யார் கூலிக்கு வந்தது, குளம் எப்போது வான் பாய்ந்தது என்பவை. பஞ்சாங்கம் முடிந்தால் கட்டி உறியில் வைத்துவிடுவார். அவருடைய உறி தப்பியது. அவர் தப்பவில்லை. அவருடைய மனைவி ஒருநாள் அந்தக் கட்டை அவிழ்த்து எனக்குக் காட்டினார். ஒரு மார்கழி மாதத்து ஓரத்தில், "வான் பாய்ந்தது. கறுவல் வரவில்லை" என்று இருந்தது.

"கறுவல் ஆர் அக்கா?" என்று கேட்டேன்.

"எங்கட எருமைக் கடா தம்பி. வெள்ளத்தோட போனது" என்றார்.

பக்கத்தில் நின்ற மகன் மறுத்தான். "இல்லையம்மா, ஐயாவோட வேலை செய்த ஒருத்தரை அப்பிடித்தான் ஐயா கூப்பிடுறவர். அந்த மழையோட அவரும் வரேல்லை."

தாயும் மகனும் நெடுநேரம் வாதாடினார்கள். முடிவு தெரியவில்லை. எழுதியவரிடம் கேட்கவும் வழியில்லை. நான் எழுதிய கதைகளில் வாசகர் கூடுதலாக விசாரிக்கும் கதை அந்த இரண்டு வாக்கியத்திலிருந்து வந்ததுதான். கமக்காரர் இலக்கியம் எழுத நினைக்கவில்லை. திகதிக்கு நேரே நடந்ததைக் குறித்தார், அவ்வளவுதான்.

மாயூரத்துத் தோட்டத்தில் தளிர் தேடிய மாணவரைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். சாமிநாதையர் தம் சுயசரிதத்தை ஆனந்தவிகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு 85 வயது நிறையச் சில வாரங்கள் இருந்தன. எழுபது ஆண்டுக்கு முந்திய ஒரு காலை வேளையை, மரத்தையும் தளிரையும் ஆசிரியரின் முகத்தையும், நேற்றுப் பார்த்ததுபோல எழுத முடிந்ததென்றால் ஞாபகசக்தி மட்டும் காரணமாக இராது. வாழ்நாள் முழுவதும் கடிதங்களையும் குறிப்புகளையும் பத்திரப்படுத்தியவர் அவர். 1942 இல் யுத்தம் நெருங்கிற்று. யப்பானியர் குண்டு போடுவார்கள் என்று சென்னைச் சனம் இடம்பெயர்ந்தது. 87 வயதுக் கிழவரும் இடம்பெயர்ந்தார். தம் ஏட்டுச் சுவடிகளோடு திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28 ஆம் திகதி அங்கே காலமானார். 'என் சரித்திரம்' 122 அத்தியாயங்களோடு பாதி வழியில் நிற்கிறது. 1950 இல் அது நூலாக வெளிவந்தது.